கொய்னா நீர்த்தேக்கமும் நிலநடுக்கமும்

1967-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் விடியற்காலை 4 மணி 21 நிமிடத்துக்கு, மேற்கு மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், கொய்னா ஆற்றின் குறுக்கே எழுப்பப்பெற்ற பேரணையின் அருகே நிலம் நடுங்கிற்று. அந்நடுக்கத்தின் அளவு 6.3 என இன்று கணிக்கப்படுகின்றது. அணையை அடுத்த கொய்னாநகர்க் குடியிருப்பில் பெரும்பாலான வீடுகள் இடிந்தன அல்லது குடியிருக்கத் தகாதவையாயின. இருநூறு பேர் அளவில் மாண்டனர், காயமுற்றோர் ஆயிரக்கணக்கினர். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பம்பாயிலும், புனாவிலும், கோவாவிலும் மக்கள் உறக்கம் கலைந்து எழுந்தனர். கொய்னாவிலிருந்து வரும் மின்சாரம் நின்றதால் பம்பாயில் ஆலைகள் பல ஓயும்படியாயிற்று. அக்காலத்தே அந்நகரில் பிழைப்பை நாடிச் சென்றிருந்த தமிழர்கள் பலருடைய வீட்டு விளக்கும் ஆலைக் கூலியும் இந்த ஆற்றோடு பிணைக்கப்பட்டிருந்தன என்பதை நினைவிற்கொண்டு, அந்நடுக்கத்தின் வரலாற்றை இங்கே சிறிது விரிவாகக் காண்போம்.

கொய்னா ஒரு விந்தையான ஆறு. மகாபலேசுவரத்து மலைகளிற் பிறந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டை ஒட்டினாற்போல் தெற்கு நோக்கி அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, பின்னர்த் திடீரெனக் கிழக்கே திரும்பிக் கராடு நகரில் கிருஷ்ணையோடு கலக்கின்றது. அதன் மேற்கே சிறு தொலைவிலேயே மலை செங்குத்தாகக் கொங்கணத்துக்குச் சரிகின்றது. ஆற்றை மறித்து, நீரை மலையைக் குடைந்த சுரங்கங்களின் வழியே மேற்கே விட்டால் நானூற்றைம்பது மீட்டருக்கு மேற்பட்ட வீழ்ச்சி கிடைக்கும். அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பொறியாளர் கண்ணில் பட்ட இத்திட்டம், நாடு விடுதலை பெற்ற பின்னரே கைகூடியது. 103 மீட்டர் உயரமுள்ள அணை 1954-இல் தொடங்கி 1960-களின் முற்பகுதியில் முடிவெய்தியது. 1962-இல் நீர் தேங்கலாயிற்று. அந்த ஏரிக்குச் சிவாஜி சாகர் என்று பெயர்.

அணை கட்டியவர்கள் நிலநடுக்கத்தை அறவே மறந்துவிடவில்லை. ஆயினும் தென்னிந்தியத் தீபகற்பம் அசையாத பழம்பாறை என்பது அந்நாளைய புவியியலாரின் உறுதியான கொள்கை. நடுக்கம் என்பது இமயத்துக்கும் அசாமுக்கும் கட்ச்சுக்கும் உரியதாகக் கருதப்பட்டது. தக்காணத்தின் மீதோ, ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னே வழிந்தோடி உறைந்த எரிமலைக் குழம்பு, அடுக்கடுக்கான கருங்கற் போர்வையாகப் படிந்து கிடக்கின்றது. இத்தகைய நிலத்தில் அணைக்குப் பெரிய ஆபத்து வரும் என்று யார் எண்ணுவர்? ஆகவே புவியீர்ப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவான பக்கவாட்டு அசைவைத் தாங்கினாற் போதும் என்று கணக்கிட்டு அணையை வகுத்தனர். 1967 டிசம்பரில் அணையின் உட்கூடத்தே வைக்கப்பட்டிருந்த கருவி பதிவு செய்தது நூற்றுக்கு அறுபத்து மூன்று பங்கு. அணை விழவில்லை. கீழ்ப்புறச் சாய்வு மாறும் மட்டத்தில் இரு முகங்களிலும் கிடையாக வெடிப்புக்கள் ஓடின, நீரும் கசிந்தது. ஆனால் நின்றது. அதனைக் கட்டிய தொழிலாளருக்கும் பொறியாளருக்கும் அந்தப் பள்ளத்தாக்கின் கீழே வாழ்ந்தோர் கடமைப்பட்டவர்கள் என்றே நாம் கருதுகின்றோம்.

இந்தப் பேரிடர் முன்னறிவிப்பின்றி வந்ததன்று. ஏரியில் நீர் தேங்கத் தொடங்கிய சில காலத்துக்குள்ளாகவே சுற்றுவட்டாரத்து மக்கள் வெடி வைத்தாற்போன்ற ஓசைகளைக் கேட்கலாயினர், சிற்றதிர்வுகள் பெருகின. புனாவை அடுத்த கடக்வாசலாவிலுள்ள மத்திய நீர், மின்சக்தி ஆராய்ச்சி நிலையத்தார் இதனைப் புறக்கணியாமல், நிலநடுக்கமானிகளைக் கொணர்ந்து ஏரியைச் சுற்றி நிறுவினர். அதிர்வுகள் ஏரியை ஒட்டியே எழுகின்றன என்பதை அக்கருவிகள் காட்டின. 1967 செப்டம்பர் 13-இல் ஐந்துக்கு மேற்பட்ட அளவில் ஒரு நடுக்கம் வந்தது. மூன்று மாதங்களுக்குள் டிசம்பர் நடுக்கம் வந்துவிட்டது.

இனி, ஏரிக்கும் பாறைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு வருவோம். அதற்கு முன் நிலத்தினடியில் நிலவும் நெருக்கத்தைப் பற்றிச் சில சொற்கள் வேண்டும். பொறியியலார் இதனைத் தகைவு என்பர். ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு பாறையை எண்ணிப் பாருங்கள். மேலேயுள்ள பாறையின் எடை மட்டுமே அதன் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஆயிரத்து முந்நூறு கிலோகிராமுக்கு மேல் அழுத்துகின்றது. அன்றியும், இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து இமயத்தை முட்டிக்கொண்டிருப்பதால், தீபகற்பம் முழுவதுமே பக்கவாட்டில் நெருக்கப்படுகின்றது. எல்லாத் திசையிலும் நெருக்கம் ஒரே அளவாக இருந்தால் பாறைக்கு ஒரு கேடும் இல்லை. ஒரு திசையில் மிகுந்தும் மற்றொரு திசையில் குறைந்தும் இருக்கும்போதுதான், சாய்ந்த தளங்களில் ஒரு பக்கம் மறுபக்கத்தை உராய்ந்து வழுக்கிச் செல்ல முனைகின்றது. பழைய பிளவு ஒன்று அத்திசையில் அமைந்திருந்தால் வழுக்கல் அங்கேதான் நிகழும்.

இவ்வகைப் பிளவை, அதாவது இரு பக்கமும் ஒன்றைவிட்டு ஒன்று பெயர்ந்த பிளவை, ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லுக்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. சுரங்கத் தொழிலாளரே இச்சொல்லைப் புவியியலுக்குத் தந்தவர்கள். வெட்டிக்கொண்டே போகும் நிலக்கரிப் படிவு பிளவிலே திடீரென முடிந்து போவதை அவர்கள் அங்ஙனம் குறித்தனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்றோருக்கு இச்சொல்லைத் தமிழாக்குவதில் எப்போதுமே ஒரு தயக்கம் உண்டு. வெறும் வெடிப்பு என்றால் பெயர்ச்சி விட்டுப்போகின்றது. ஆகவே இக்கட்டுரையில் அதனைப் பெயர்ச்சிப் பிளவு என்றே வழங்குகின்றோம்.

பெயர்ச்சிப் பிளவை வழுக்காமல் பிடித்து நிறுத்துவது உராய்வு. கல்லும் மண்ணும் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை ஆராய்ந்த பிரெஞ்சுப் பொறியாளர் கூலும், 18-ஆம் நூற்றாண்டிலேயே இதனை விளக்கிவிட்டார். இரு பரப்புக்களையும் ஒன்றோடொன்று அழுத்தும் விசை எவ்வளவு மிகுமோ அவ்வளவு உராய்வும் மிகும். ஆனால் பாறை வெற்றிடமற்ற திண்பொருள் அன்று. நுண்ணிய துளைகளிலும் வெடிப்புக்களிலும் நீர் நிறைந்துள்ளது. அந்நீருக்கும் அழுத்தம் உண்டு. அது பிளவின் இரு சுவர்களையும் வெளிப்புறமாகத் தள்ளுகின்றது. அழுத்தும் விசையிலிருந்து நீரின் அழுத்தத்தைக் கழித்தால் எஞ்சுவதே உராய்வுக்குப் பயன்படும். 1920-களில் இஸ்தான்புல் நகரில் ஆசிரியராய் இருந்த டெர்சாகி என்பவர், ஈரக் களிமண்ணை நசுக்கிப் பார்த்த ஆராய்ச்சிகளின் வழியே இவ்வுண்மையை நிலைநாட்டினார்.

மண்ணுக்குப் பொருந்துவது மலைக்கும் பொருந்தும் என்று காட்டியவர்கள் ஹப்பர்ட், ரூபி என்னும் இரு அமெரிக்கர். பல கிலோமீட்டர் அகலமுள்ள பாறைத் தகடுகள் பொடிந்து போகாமல் வேறு பாறைகளின் மீது வெகு தூரம் வழுக்கிச் சென்றிருப்பது புவியியலாருக்கு நெடுநாள் புதிராய் இருந்தது. அடியிலுள்ள நீரின் அழுத்தமே அத்தகடுகளை ஏந்தித் தாங்கிற்று என்று 1959-இல் அவர்கள் எழுதினர். அதனை விளக்க, குளிரூட்டிய வெற்றுத் தகரக் குவளை ஒன்றை ஈரமான கண்ணாடித் தகட்டின் மீது கவிழ்த்துக் காட்டினர். உள்ளேயிருக்கும் காற்று சூடேறி விரியும்போது குவளை தானே வழுக்கி நகர்கின்றது. இதனைக் காண நம் வீட்டுப் பெண்மணிகள் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. வெந்நீரில் அலம்பிய தம்ளரை ஈரமான மேடையில் கவிழ்த்தால் அது யாரும் தொடாமலே சற்று நகர்வதை அவர்கள் எத்தனையோ முறை கண்டிருப்பர். தம்ளரின் எடை குறைவதில்லை. மேடையின் மீது அது ஊன்றும் விசைதான் குறைகின்றது.

ஏட்டிலிருந்த இக்கொள்கை விரைவிலேயே எதிர்பாராத ஓரிடத்தில் மெய்ப்பட்டது. அமெரிக்காவில் டென்வர் நகருக்கு அருகே இராணுவ இரசாயனப் படைக்கலச் சாலை ஒன்று இருந்தது. அதன் நச்சுக் கழிவு நீரை என் செய்வதென்று தெரியாமல், 3,671 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு தோண்டி, 1962 மார்ச்சு மாதம் முதல் அடியிலுள்ள பாறைக்குள் செலுத்தலாயினர். அடுத்த மாதமே நிலம் அதிரத் தொடங்கியது. கழிவு நீர் மிகுதியாகச் சென்ற மாதங்களில் அதிர்வும் மிகுந்தது என்பதை டேவிட் எவன்ஸ் என்னும் புவியியலார் 1965 நவம்பரில் வெளிப்படையாகக் கூறினார். 1966 பிப்ரவரியில் செலுத்துதலை நிறுத்தினர். அதனோடு தொல்லை ஒழிந்தது என்று எண்ணியிருப்பர். ஆனால் அங்கே நிகழ்ந்த நடுக்கங்களுட் பெரியவை 1967-இலேதான் வந்தன. முன்னே செலுத்திய நீரின் அழுத்தம் வெடிப்புக்களின் வழியே மெல்ல மெல்லப் பரவி, கிணற்றுக்கு அப்பாலும் பிளவுகளைச் சென்று சேர்ந்தமையே இதற்குக் காரணம். டென்வரில் அவ்வாண்டு ஆகஸ்டில் நடுக்கம். கொய்னாவில் டிசம்பரில் நடுக்கம். ஒரே பாடம் நான்கு மாத இடைவெளியில் இரு கண்டங்களில் நடத்தப்பட்டது.

பின்னர் அமெரிக்கப் புவியியல் அளவை நிலையத்தார், வேண்டுமென்றே ஒரு சோதனையைச் செய்து பார்த்தனர். கொலராடோ மாநிலத்து ரேஞ்ச்லி எண்ணெய் வயலில், 1969 முதல் 1973 வரை, பாறைக்குள் நீரழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் நோக்கினர். அங்குள்ள பாறையின் தகைவையும் உராய்வையும் அளந்து, அழுத்தம் ஏறத்தாழ 257 பார் அளவை எட்டினால் பிளவு வழுக்கும் என்று முற்கூட்டியே கணித்திருந்தனர். நடந்ததும் ஏறக்குறைய அவ்வாறே. அழுத்தத்தைக் குறைத்தபோது அதிர்வுகளும் அடங்கின.

கொய்னாவில் இவ்வளவு எளிதாக வழக்கு முடியவில்லை. ஏரியே காரணம் என்போரும், ஏரிக்கும் நடுக்கத்துக்கும் தொடர்பில்லை என்போருமாக அறிஞர் இரு கட்சியாயினர். மறுத்தோர் சொன்ன வாதம் வலுவானது. நூறு மீட்டர் ஆழமுள்ள நீர், அடியிலுள்ள நிலத்தைச் சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோகிராம் அளவே அழுத்தும். ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் முன்னமே நிலவும் நெருக்கத்தோடு ஒப்பிட்டால் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அன்றியும், கொய்னாவைப் போல் இரு மடங்குக்கு மேல் உயர்ந்த பக்ரா அணை இமயத்தின் அடிவாரத்திலேயே நிற்கின்றதே, அங்கே ஏன் இவ்வாறு நிகழவில்லை?

இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை தகைவிலேயே உள்ளது. முதலாவது, சிறிய மாற்றம் பெரிய விளைவைத் தர வேண்டுமானால் பாறை ஏற்கெனவே வழுக்கும் எல்லைக்கு மிக அருகே வந்திருக்க வேண்டும். அசையாத நிலம் என்று நம்பப்பட்ட தக்காணத்துப் பாறை, உண்மையில் அவ்வாறுதான் நெருக்குண்டு நின்றது. அதில் சில கிலோகிராம் நீரழுத்தம் கூடினாலே போதும். இரண்டாவது, நெருக்கம் எந்தத் திசையில் மிகுதி என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். இமயத்தின் அடிவாரத்தில் பக்கவாட்டு நெருக்கம் மிகுதி, மேலிருந்து வரும் நெருக்கம் குறைவு. அங்கே ஏரியின் எடை மேலிருந்து அழுத்தும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குறைகின்றது, பிளவு இறுகுகின்றது. கொய்னாவிலோ பிளவின் இரு பக்கங்களும் பக்கவாட்டில் ஒன்றையொன்று கடந்து வழுக்குகின்றன. மேலிருந்து வரும் எடை அங்கே அத்தகைய காவலாக அமைவதில்லை.

காலத்தைக் கொண்டும் ஒரு சான்று கிடைத்தது. ஆண்டுதோறும் பருவமழையில் ஏரி நிரம்புகின்றது. நிரம்பும் காலத்தை ஒட்டிச் செப்டம்பரில் ஒரு முறையும், பின்னும் சில மாதம் கழித்து டிசம்பரை ஒட்டி ஒரு முறையும் நடுக்கங்கள் மிகுகின்றன. நீரின் எடை உடனே தாக்குகின்றது; நீரின் அழுத்தமோ வெடிப்புக்களின் வழியே ஊர்ந்து ஆழத்தை அடையப் பல வாரம், பல மாதம் ஆகின்றது. ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹர்ஷ் குப்தாவும் அவருடைய துணைவர்களும் 1970-களின் தொடக்கம் முதல் இப்பதிவுகளைத் துருவி ஆராய்ந்தனர். வாரத்துக்குப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் விரைந்து நீர்மட்டம் ஏறிய பருவங்களிலேயே பெரிய நடுக்கங்கள் வந்தன என்றும், ஆயினும் அவ்வேகம் ஒன்றே போதுமான காரணமாகாது என்றும் அவர்கள் கண்டனர். வேற்று நாட்டுச் செய்திகளும் துணை நின்றன. அமெரிக்காவின் மீடு ஏரி 1930-களில் நிரம்பியபோதே அதிர்வுகள் எழுந்திருந்தன. சீனத்தின் சின்ஃபெங்சியாங் நீர்த்தேக்கத்தில் 1962-இலும், ஆப்பிரிக்காவின் கரீபாவில் 1963-இலும், கிரேக்கத்தின் கிரெமாஸ்தாவில் 1966-இலும் ஆறுக்கு மேற்பட்ட அளவில் நடுக்கங்கள் நேர்ந்தன. நீர்த்தேக்கத்தை ஒட்டி எழுந்தவை என அறிஞர் பெரும்பாலோர் ஏற்ற நடுக்கங்களுள் இன்றளவும் பெரியது கொய்னாவே.

நீர் எந்த வெடிப்பின் வழியே செல்கின்றது என்பதைப் பற்றியும் பிற்காலத்தில் அரியதோர் உண்மை வெளிப்பட்டது. கருங்கல்லுக்குள் ஆயிரக்கணக்கான வெடிப்புக்கள் உள்ளன. பெரும்பாலானவை காலப்போக்கில் கனிமம் படிந்து அடைபட்டவை. ஆழ்துளைகளில் இறக்கிய கருவிகளைக் கொண்டு, எவற்றில் நீர் ஓடுகின்றது, எவற்றில் ஓடவில்லை என்று பிரித்துப் பார்த்தனர் பார்ட்டன், சோபாக் முதலிய அமெரிக்க ஆய்வாளர். 1995-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இதுதான்: தகைவின் திசையோடு பொருந்தி, வழுக்கும் நிலைக்கு அருகே நிற்கும் வெடிப்புக்களே நீருக்கு வழிவிடுகின்றன. சிறிது சிறிதாக வழுக்குந்தோறும் அவற்றின் கரடுமுரடான சுவர்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகுவதால் அடைப்பு உடைந்து வழி திறந்தே இருக்கின்றது. மற்றவை மூடிக் கிடக்கின்றன. ஆக, மேலேயிருந்து இறங்கும் நீர் ஆயிரம் பிளவுகளுக்குள் சரியத் தயாராக நிற்கும் பிளவையே நாடிச் செல்கின்றது எனலாம். செருமனியில் பவேரியா நாட்டில் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் துளைத்த போதும், அவ்வளவு ஆழத்திலும் திறந்த வெடிப்புக்களும் நீரும் இருக்கக் கண்டனர். 1994-இல் அங்கே சிறிதளவு அழுத்தத்தோடு நீரைச் செலுத்தியவுடனேயே நுண்ணதிர்வுகள் எழுந்தன. செருமனியின் நடுநிலமும் எல்லைக்கு அருகேதான் நெருக்குண்டு நிற்கின்றது.

எனவே ‘அணையால் உண்டான நிலநடுக்கம்’ என்று எழுதுவது தகுமா? இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மனைவி மக்களை இழந்தவர்களும், மலையடியில் இன்றும் குடியிருப்போரும் கேட்கும் கேள்வி இது. தொடக்கத்தில் அறிஞர்களும் ‘விளைவிக்கப்பட்ட’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே ஆண்டனர். பின்னர், நடுக்கத்தில் வெளிப்பட்ட ஆற்றலில் மிகப் பெரும்பங்கு நிலத்தட்டின் நெருக்கத்தால் முன்னரே சேர்ந்திருந்தது, ஏரி செய்தது அதனைக் கட்டவிழ்த்தது மட்டுமே என்று தெளிவானபோது, ‘தூண்டப்பட்ட’ என்னும் சொல்லுக்கு மாறினர். தமிழில் நாமும் தூண்டிய நடுக்கம் என்றே எழுத வேண்டும். ஆனால் இச்சொல்லை ஒருவர் பொறுப்பைக் கழற்றிவிடும் கருவியாகக் கொள்வாரானால் அதனை ஒப்ப இயலாது. தூண்டப்படாவிடில் அப்பாறை இன்னும் எத்தனை ஆண்டு, எத்தனை நூற்றாண்டு பொறுத்திருக்கும் என்று எவரும் கூற வல்லரல்லர். 1967-இல் வந்த நடுக்கம் 1967-இல் வந்தமைக்கு ஏரிக்கும் பங்கு உண்டு.

நடுக்கத்துக்குப் பின் பல மாறின. நிலநடுக்க அபாயத்தைக் காட்டும் இந்திய வரைபடத்தில் அதுவரை சுழி என்றே ஒரு பிரிவு இருந்தது. அதாவது ஆபத்தே இல்லாத நிலம். 1970-இல் திருத்திய வரைபடத்தில் அப்பிரிவை எடுத்துவிட்டனர். கொய்னா வட்டாரம் நான்காம் பிரிவுக்கு உயர்த்தப்பட்டது. அணையின் பின்புறம் கற்காரைத் தாங்குசுவர்கள் எழுப்பி 1973 அளவில் வலுப்படுத்தினர். நீர் வழியும் பகுதியும் பிற்காலத்தில் உறுதியாக்கப்பட்டது. 1993 செப்டம்பர் 30-இல் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேரைப் பலிகொண்ட நடுக்கத்தோடு, அசையாத தீபகற்பம் என்னும் பழைய நம்பிக்கைக்கு எஞ்சியிருந்த ஆதரவும் போயிற்று.

கொய்னாவில் அதிர்வுகள் ஓயவில்லை. அதற்குச் சுமார் முப்பது கிலோமீட்டர் தெற்கே வார்ணா ஆற்றில் மற்றோர் அணை எழுந்து, 1985 முதல் நீர் தேங்கலாயிற்று. 1993 முதல் அப்பக்கமும் நடுக்கங்கள் மிகுந்தன. 1967-க்குப் பின்னர் இவ்வட்டாரத்தில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட அளவுள்ளவை மட்டும் இருபதுக்கும் அதிகம். இவையனைத்தும் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் நீளமும் இருபது கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறு நிலப்பரப்புக்குள் அடங்குகின்றன. பூமியின் அடியே நடுக்கம் பிறக்குமிடத்தை அருகிருந்து காண இதனினும் ஏற்ற இடம் அரிது என்று உலக அறிஞரும் ஒப்பினர்.

ஆகவே துளைக்கத் தொடங்கினர். முதலில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் பல துளைகளை இட்டு, சிலவற்றின் அடியில் நிலநடுக்கமானிகளை இறக்கினர். எரிமலைக் கருங்கற் போர்வை ஓரிடத்தில் 930 மீட்டர் அளவில் முடிந்து, அதன் கீழ் மிகத் தொன்மையான கிரானைட்டுப் பாறை தொடங்குவது தெரிந்தது. இடையே மணற்கல்லோ களிமண்ணோ எதுவும் இல்லை. பழைய பாறையின் மீது எரிகுழம்பு நேரே படிந்திருக்கின்றது. 2016, 2017 ஆண்டுகளில் கோத்தணே என்னும் சிற்றூரில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு முன்னோடித் துளை இறக்கப்பட்டது. இத்தகைய துளையின் சுவர் எப்பக்கம் உதிர்கின்றது என்பதைக் கொண்டும், நீரைப் பாய்ச்சிப் பாறையை வெடிக்கச் செய்தால் வெடிப்பு எத்திசையில் ஓடுகின்றது, எவ்வளவு அழுத்தத்தில் மூடிக்கொள்கின்றது என்பதைக் கொண்டும் ஆழத்தின் தகைவை அளக்கலாம். கராடு நகரில் மத்திய அரசு இதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் நிறுவியுள்ளது. வெட்டியெடுத்த பாறைத் துண்டுகள் அங்கே வந்து சேர்கின்றன. இவ்வட்டாரத்து நடுக்கங்களுட் பல அத்துளையின் அடிக்கும் கீழே, ஒன்பது கிலோமீட்டர் ஆழம் வரை, பிறக்கின்றன.